தோஷிரோ மிஃபுனே படங்களை எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஜப்பானிய சாமுராய் படங்கள் பார்க்க ஆசை. ஆனால் கறுப்பு வெள்ளை, சப்டைட்டில், மூன்றரை மணி நேரம் என்று கேட்டதுமே தயக்கம். அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு நடிகரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வழி எளிதாகிவிடும். அந்த நடிகர் தோஷிரோ மிஃபுனே.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள். ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். அவருடைய கரகரத்த குரல் பாதி நடிப்பு, டப்பிங்கில் அது போய்விடும். சரித்திரக் காலத்தில் நடக்கும் படங்களை ஜப்பானியர்கள் 'ஜிடாய்கேக்கி' என்பார்கள். தேடும்போது இந்தச் சொல் உதவும். மூன்றாவதுதான் முக்கியம்: வசனத்தை விட அவர் தோளையும் முதுகையும் கால்களையும் கவனியுங்கள்.

படி 1: 'யோஜிம்போ' (1961)

பலரும் 'செவன் சாமுராய்' படத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது 207 நிமிடம். நான் முதலில் அதைத்தான் எடுத்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அகிரா குரோசாவா இயக்கிய 'யோஜிம்போ' இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது, கதையும் நேரானது. ஒரே ஊரில் இரண்டு ரவுடிக் கும்பல்கள். எஜமானன் இல்லாத சாமுராய் ஒருவன் அங்கே வந்து சேர்ந்து, இரண்டையும் மோதவிடுகிறான். அப்படிப்பட்ட சாமுராயை 'ரோனின்' என்பார்கள்.

முதல் காட்சியிலேயே பாடம் தொடங்கிவிடும். முகத்தைச் சரியாகக் காட்டுவதற்கு முன்பே கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. தலையைச் சொறிகிறார், தோளை ஒரு வெட்டு வெட்டிக் குலுக்குகிறார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டு, அது காட்டும் பக்கம் போகிறார். அவன் அழுக்கானவன், பசித்தவன், யாருக்கும் கட்டுப்படாதவன் என்பது ஒரு வசனம்கூட இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் யாரோ பெயர் கேட்கும்போது, ஜன்னல் வழியே மல்பெரித் தோட்டத்தைப் பார்த்து 'மல்பெரித் தோட்டத்து முப்பது வயதுக்காரன்' என்று அர்த்தம் வரும் ஒரு பெயரை அந்த நொடியில் உண்டாக்கிச் சொல்வார். கூடவே, நாற்பதை நெருங்கிவிட்டேன் என்றும் சேர்த்துக்கொள்வார்.

இந்தப் படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

படி 2: மறுநாளே 'சஞ்சுரோ' (1962)

அதே பாத்திரம், இன்னும் சிறிய படம். கடைசிச் சண்டைக்காகக் காத்திருங்கள். மிஃபுனேவும் எதிரியாக வரும் நடிகர் தத்சுயா நகடாயும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அசைவே இல்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்புறம் ஒரே வீச்சு. முடிந்துவிட்டது. வேகமான நடிகர் என்று பெயர் எடுத்தவர் அசையாமல் நிற்பதிலும் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை இங்கே பார்த்துவிடுங்கள். கடைசிப் படிவரை இது தேவைப்படும்.

படி 3: இப்போது வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலிலேயே வாழ்க்கை வரலாறு படித்தால் வெறும் தேதிகளாகத்தான் இருக்கும். ஆளைப் பார்த்தபிறகு படித்தால் ஒட்டும்.

ஜப்பானிய சாமுராய் என்றாலே உலகத்துக்கு நினைவு வரும் இந்த முகம் ஜப்பானில் பிறக்கவே இல்லை. 1920 ஏப்ரல் 1 அன்று சீனாவின் சிங்தாவ் நகரில் பிறந்தார். வளர்ந்தது டாலியன் நகரில். அப்பா புகைப்படத் தொழில் செய்தவர், மகனும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். ராணுவத்தில் அது கைகொடுத்தது. விமானத்திலிருந்து எடுக்கும் படங்கள் தொடர்பான பிரிவில் போட்டார்கள். போர் முடிந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

டோஹோ ஸ்டுடியோவில் கேமரா உதவியாளர் வேலைக்குத்தான் விண்ணப்பம் கொடுத்தார். அது புதுமுக நடிகர் தேர்வுக்குப் போய்விட்டது. நடுவர்கள் கோபத்தைக் காட்டச் சொல்ல, அவர் காட்டிய கோபத்தில் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அன்று வேறு படப்பிடிப்பில் இருந்த குரோசாவாவிடம் நடிகை ஹிடேகோ டகமினே வந்து, ஒருவரை அவசியம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனார். அறைக்குள் ஒரு இளைஞன் கூண்டில் அடைபட்ட மிருகம் போலக் கொந்தளித்துக்கொண்டிருந்தான். குரோசாவாவும் அவருடைய குரு கஜிரோ யமமோட்டோவும் வாதாடியிருக்காவிட்டால் மிஃபுனே நடிகராகியிருக்க மாட்டார். 1947இல் முதல் படம். 1948இல் 'ட்ரங்கன் ஏஞ்சல்'. அதிலிருந்து 1965வரை குரோசாவாவோடு மொத்தம் 16 படங்கள்.

படி 4: 'ரஷோமோன்' (1950)

ஒரு கொலை, நான்கு விதமான சாட்சியம். இதில் அவர் டஜோமாரு என்னும் கொள்ளைக்காரன். ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றிய ஒரு படத்தில் சிங்கத்தைக் காட்டி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று குரோசாவா சொன்னாராம். சிரிப்பையும், உடம்பில் மொய்க்கும் பூச்சியை அடிப்பதையும், மரத்தடியில் புரள்வதையும் பாருங்கள். ஒவ்வொருவர் கதையிலும் அதே கொள்ளைக்காரனின் வீரம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். கடைசிக் கதையில் வாளைப் பிடித்த கை நடுங்கும்.

படி 5: இப்போது 'செவன் சாமுராய்' (1954)

ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். படத்திலேயே இடைவேளை இருக்கிறது, இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கதை 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நடக்கிறது. கொள்ளையரிடமிருந்து கிராமத்தைக் காக்க விவசாயிகள் ஏழு பேரை அமர்த்துகிறார்கள். ஏழாவது ஆளான கிகுசியோதான் மிஃபுனே. தான் சாமுராய் என்று காட்ட ஒரு வம்சப் பட்டியலை நீட்டுவான். அதன்படி கணக்குப் போட்டால் அவனுக்கு வயது 13! குடித்துவிட்டு விழுவான், குதிரையிலிருந்து விழுவான். கோமாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டு காட்சிகளுக்காகவே இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று விவசாயிகள் பறித்துவைத்த கவசங்களைக் கண்டு மற்றவர்கள் கோபப்படும்போது அவன் வெடிக்கிறான். ஆமாம், விவசாயி கஞ்சன்தான், பொய்யன்தான், தந்திரக்காரன்தான். அவனை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று கேட்கிறான். அந்த நிமிடத்தில் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இன்னொன்று, எரிகிற தண்ணீர் ஆலை முன்னால். சாகும் தாயிடமிருந்து குழந்தையை வாங்கியவன் ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, இந்தக் குழந்தைதான் நான், எனக்கும் இதேதான் நடந்தது என்று அழுகிறான். அதுவரை அவன் போட்ட கூத்தெல்லாம் இதை மறைக்கத்தான் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

படி 6: 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957)

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதை, ஜப்பானியக் கோட்டைக்குள். 'நோ' என்னும் பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தின் போர்வீரன் முகமூடியைக் காட்டி முகபாவத்தைப் பிடிக்கச் சொல்லியிருந்தார் குரோசாவா. அந்த விரிந்த கண்கள் அங்கிருந்து வந்தவை. கடைசியில் அம்பு மழை. வில் வித்தைக்காரர்கள் எய்த நிஜ அம்புகளும் அதில் இருக்கின்றன. அவர் முகத்தில் தெரியும் பயம் முழுக்க நடிப்பில்லை.

படி 7: 'ரெட் பியர்ட்' (1965)

இது நிதானமான படம், மூன்று மணி நேரம். ஏழைகளுக்கான மருத்துவமனையை நடத்தும் வைத்தியர் வேடம். டஜோமாருவின் சிங்கம் இங்கே அமர்ந்துவிட்டது. கனத்த அடி, குறைந்த பேச்சு, தாடியைத் தடவும் கை. அதற்கும் வெனிஸ் விருது வந்தது. ஆனால் படப்பிடிப்பு இரண்டு ஆண்டுக்கு அருகில் நீண்டது, நிஜத் தாடி என்பதால் வேறு படங்களை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தை அவர் தாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் குரோசாவாவும் பிரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அப்புறம் சேரவே இல்லை. 1997 டிசம்பர் 24 அன்று மிஃபுனே இறந்தார். அடுத்த செப்டம்பரில் குரோசாவாவும் போய்விட்டார். 17ஆவது படம் ஒன்று வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஏக்கம் உண்டு.

படி 8: குரோசாவா இல்லாத மிஃபுனே

மசாகி கோபயாஷியின் 'சாமுராய் ரெபெல்லியன்' (1967). பிரபுவின் கட்டளையால் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணை, அதே பிரபு பிறகு திருப்பிக் கேட்கிறான். மகனும் மருமகளும் ஒருவரையொருவர் நேசித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கீழ்ப்படிந்தே இருந்த அப்பா முடியாது என்கிறார். படத்தின் பெரும்பகுதி அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காருதலில் கோபம் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். 'சஞ்சுரோ'வில் பழகிய கண் இங்கே கண்டுபிடித்துவிடும்.

வெளிநாட்டுப் படங்களில் 'ஹெல் இன் தி பசிஃபிக்' (1968) பாருங்கள். ஒரு தீவில் இரண்டே பேர், அவரும் லீ மார்வினும். அவர் பேசுவது ஜப்பானிய மொழிதான். 'மிட்வே' (1976) படத்தைத் தள்ளிப்போடலாம். அதில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோவாக வருவது மிஃபுனே, ஆனால் கேட்பது வேறொருவர் குரல்.