இல்லங்களில் வளரும் பதின்பருவத்தினருக்கு ஆற்றுப்படுத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரலை உயர்த்தக் கூடாது, அறிவுரையை அடுக்கக் கூடாது என்பதையெல்லாம் புதிய ஆற்றுப்படுத்துநர்கள் படித்துவிட்டே குழந்தைகள் இல்லங்களுக்கு வருகிறார்கள். பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கவுன்சிலிங்கை வெறுக்கச் செய்பவை வேறு தவறுகள்.

அறையில் கேட்டதை அலுவலகத்தில் சொல்வது

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். ஓர் இல்லத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மறுமணம் செய்துகொண்ட தன் தாயிடம் ஒருமுறையாவது பேச வேண்டும் என்று சொல்லி அழுதாள். புதிதாக வந்திருந்த ஆற்றுப்படுத்துநர் அதை நல்லெண்ணத்தோடு கண்காணிப்பாளரிடம் சொல்ல, அவர் காப்பாளரிடம் சொல்ல, அன்றிரவு தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றவளிடம், "அம்மா ஞாபகம் வந்து அழுதியாமே?" என்று எல்லோர் முன்னிலையிலும் காப்பாளர் பரிவோடு கேட்டுவிட்டார். அதன் பிறகு அவள் எதற்கும் "நல்லா இருக்கேன் மிஸ்" என்பதைத் தாண்டவில்லை. அவளுடன் தங்கியிருந்த பெண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், ஒருத்தி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்து, "இதையும் எழுதுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

உறங்குவது, உண்பது, தொலைபேசியில் பேசுவது என அனைத்தும் பிறர் பார்வையில் நடக்கும் இடத்தில், தனக்கென்று மிஞ்சியிருப்பதும் பறிபோனால் அந்தப் பிள்ளை மௌனத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 3இல் வகுத்துள்ள 16 கொள்கைகளில் தனியுரிமையும் இரகசியக் காப்பும் அடங்கும். குழந்தையின் பங்கேற்பும் அடங்கும்.

இதற்காக, "யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது. பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி புகார் அளித்தே தீர வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தாலும் மறைக்க முடியாது. எது வெளியே போகும், எது போகாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத் தயாரிக்கப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எது எழுதப்படும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, எழுதியதை அவர்களுக்குப் படித்தும் காட்டுங்கள். யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று அந்த மாணவியிடமே கேட்டிருந்தால், அவளது விருப்பம், இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு முறையான கோரிக்கையாகவே போயிருக்கும்.

சண்டை முடிந்ததும் அழைப்பது

"போய் கவுன்சிலிங்கில் உட்கார்" என்று அனுப்பப்படும் பிள்ளை அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறது. அன்று வேண்டாம் என்று காப்பாளரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

விளையாட்டு நேரத்தில் அழைப்பது

அழைக்காதீர்கள்.

முதல் நாளே பழைய கதையைக் கேட்பது

காவல்துறையினரிடமும் நலக் குழுவின் முன்பும் சொல்லி அலுத்துப்போன கதை அது. "ஃபைல்ல இருக்குமே" என்றே பதில் வரும். அவர்கள் பேச விரும்புவது நாளைய தேர்வையும், 18 வயது நிறைந்ததும் எங்கே தங்குவது என்பதையும் பற்றி. இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கான உதவியான பின்பராமரிப்பு 21 வயது வரை கிடைக்கக்கூடும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சொல்லாமல் விலகுவது

ஒப்பந்தம் முடியும் நாள் தெரிந்தவுடன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து வருபவரிடம் எதைத் தெரிவிக்கலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.