கடல் டைனோசர் என்று ஒன்று கிடையாது

நீண்ட கழுத்து, நான்கு துடுப்பு, வாய் நிறையப் பல். படத்துக்குக் கீழே "கடல் டைனோசர்" என்று போட்டிருப்பார்கள். சிறுவர் புத்தகத்திலும் உண்டு, யூடியூபிலும் உண்டு. மீன் வடிவ இக்தியோசர், பெரும்பாலும் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசர், ராட்சதப் பல்லி போன்ற மோசசர் ஆகிய இந்தக் கடல் ஊர்வன மூன்றில் எதுவுமே டைனோசர் அல்ல. டைனோசர்கள் உடலுக்கு நேர் கீழே கால் ஊன்றி நடந்த தனிக் கிளை. இன்றைய பறவைகள் அந்தக் கிளையில் வந்தவைதான். மோசசரோ பல்லியும் பாம்பும் சேர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த மூன்றின் மூதாதைகளும் வெவ்வேறு காலத்தில் தரையிலிருந்து கடலுக்குப் போனவை. செவுள் கிடையாது, மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். மெகலோடானையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சுறா, டைனோசர் காலம் முடிந்து சில கோடி ஆண்டுகளுக்கு அப்புறம் வந்தது.

அடுத்தது கணக்கு. விண்கல் விழுந்து டைனோசர் காலம் முடிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். தமிழில் எழுதும்போது அது 66 கோடியாகவோ 66 லட்சமாகவோ மாறிவிடுகிறது. இது சின்னப் பிழை அல்ல. 66 கோடி ஆண்டுகளுக்கு முன் முதுகெலும்புள்ள உயிரே கிடையாது. இக்தியோசர்கள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. மோசசர்களில் ஒன்றான மோசசோரஸ் தலைகாட்டியதே சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இரண்டும் சண்டை போடுவது போன்ற ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய். "விண்கல் விழுந்து இக்தியோசர் அழிந்தது" என்பதும் அப்படியே. விண்கல் விழும்போது அழிவதற்கு ஒரு இக்தியோசர்கூட மிச்சமில்லை.

உருவத்துக்கு வருவோம். இங்கே தவறியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. 1868-ல் கான்சாஸிலிருந்து ஒரு ராணுவ மருத்துவர் அனுப்பிய எலும்புகள் பிலடெல்பியாவில் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப்பிடம் வந்து சேர்ந்தன. கழுத்தில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட முள்ளெலும்புகள். அத்தனை எலும்பு கொண்ட கழுத்து அதுவரை எந்த விலங்கிலும் தெரியாது. பல்லிக்கு வால்தானே நீளம்? கோப் அதை வால் என்றே எடுத்துக்கொண்டு, தலையை மறுமுனையில் வைத்து எலாஸ்மோசோரஸ் என்று (அது ஒரு பிளீசியோசர்) படத்தோடு அச்சிட்டுவிட்டார். 1870-ல் தவறை எடுத்துச் சொன்னவர் இன்னொரு ஆய்வாளரான ஜோசப் லைடி. கோப் அச்சான பிரதிகளைத் திரும்ப வாங்கப் பார்த்தார். இந்தக் கதையைச் சொல்லும் பலர் லைடியை விட்டுவிட்டு, கோப்பின் பரம எதிரியான மார்ஷ்தான் தவறைப் பிடித்தார் என்கிறார்கள். அது மார்ஷ் 20 ஆண்டு கழித்துத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது.

கோப்பின் கதையைவிட இக்தியோசரின் வால் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் 1811-12-ல் மேரி ஆனிங்கும் அவர் அண்ணனும் முதல் பெரிய எலும்புக்கூட்டைக் கண்டெடுத்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கிடைத்தன. நிறைய எலும்புக்கூடுகளில் வால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கீழே மடிந்திருந்தது. செத்த பிறகு ஒடிந்திருக்கும் என்று நினைத்து, வாலை நேராக்கி வரைந்தார்கள். ஒன்றில் ஒடியலாம், இரண்டில் ஒடியலாம். அத்தனையிலும் அதே இடத்திலா ஒடியும்? உடற்கூறியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஓவன் 1838-ல் இதைக் கவனித்து, அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்றார். பாதி சரி. அவரும் மடிப்பை ஒடிவாகவே எடுத்துக்கொண்டார்.

ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் கற்பலகைகளில் தோலின் கரிய விளிம்போடு உடல்கள் கிடைத்து, 1890-களில்தான் விஷயம் தெளிந்தது. முதுகெலும்பு இயல்பாகவே வால்துடுப்பின் கீழ்ப்பாதிக்குள் இறங்குகிறது. மேல்பாதியில் எலும்பே இல்லை. சுறாவில் இதற்கு நேர் எதிர், மேல்பாதிக்குள் ஏறும். இக்தியோசரின் முதுகிலும் எலும்பில்லாத ஒரு துடுப்பு இருந்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் வைத்த இக்தியோசர் சிலைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் முதுகுத் துடுப்பு கிடையாது. கண்ணுக்குள் இருக்க வேண்டிய எலும்பு வளையம் வெளியே தெரியும். எலும்பு இல்லாத இடத்தில் ஒன்றுமே இருந்திருக்காது என்று முடிவுகட்டுவதுதான் இங்கே தவறு. அதற்காக ஒவ்வொரு தோல் விளிம்பையும் அப்படியே நம்பவும் கூடாது. கல்லைச் செதுக்கித் தயாரித்தவர்கள் சிலவற்றில் கொஞ்சம் கை வைத்திருக்கிறார்கள்.

வயிற்றுக்குள் குட்டி எலும்பு தெரிந்தால் உடனே "தன் இனத்தையே தின்றது" என்று எழுதாதீர்கள். இக்தியோசர்கள் குட்டி போட்டவை. பிளீசியோசரும் அப்படித்தான், வயிற்றில் ஒரே ஒரு பெரிய கருவோடு கிடைத்த பாலிகோட்டிலஸ் பற்றி 2011-ல் எழுதினார்கள். கரைக்கு ஊர்ந்து வந்து மணலில் முட்டையிடும் பிளீசியோசர் படங்களை இனி ஒதுக்கிவிடலாம்.

நீளம் சொல்லும்போது அது அளந்ததா, கணக்கிட்டதா என்று கேளுங்கள். 1999-ல் பிபிசி தொடர் ஒன்று லியோபிளூரோடான் என்ற கடல் ஊர்வனவை 25 மீட்டருக்கு நீட்டியது. உண்மையில் 6, 7 மீட்டர் இருக்கும். 2024-ல் பெயர் பெற்ற இக்தியோடைட்டன் என்ற இக்தியோசருக்கும் 25 மீட்டர் என்கிறார்கள். இது ஆய்வாளர்களே சொன்னது, ஆனால் கீழ்த்தாடை எலும்பை வைத்துப் போட்ட மதிப்பீடு.

"பிளீசியோசர் இன்னும் உயிரோடு இருக்கிறது" என்று வாட்ஸப்பில் சுற்றும் படம் பெரும்பாலும் 1977-ல் நியூசிலாந்துக்கு அருகே ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் சிக்கிய அழுகிய உடல். அதிலிருந்து எடுத்த நார்களின் வேதிச் சோதனை அது சுறா என்று காட்டியது. பாஸ்கிங் சுறா அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்று விழும். மிஞ்சுவது சின்னத் தலை, நீளமான "கழுத்து". பிளீசியோசர் வாழ்வதாகப் பேசப்படும் ஸ்காட்லாந்து ஏரி லாக் நெஸ் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை அந்த ஏரி இருந்த இடத்தில் பனிப்பாறைதான் இருந்தது.

காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு வேறு ஆபத்து. மொராக்கோ பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து மோசசர் பற்கள் ஏராளமாக வருகின்றன. தனிப் பல் பெரும்பாலும் அசல். வரிசையாகப் பல்லோடு "தாடை" மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மணலையும் பசையையும் குழைத்து, அதில் அசல் பற்களைப் பதித்து விற்கிறார்கள். மோசசர் பல்லுக்கு அடியில் பருத்த வேர் தாடை எலும்போடு ஒட்டியிருக்கும். வேரே இல்லாமல் பல் நேராக மணலில் நின்றால் அது ஒட்டு வேலை. நிபுணர்களுக்கும் இதில் சிக்கல் உண்டு: 2021-ல் ஒரு மொராக்கோ தாடையை வைத்து புதிய மோசசர் என்று ஸீனோடென்ஸ் எனப் பெயர் வைத்தார்கள், 2024-ல் வேறு ஆய்வாளர்கள் அது போலியாக இருக்கலாம், சிடி ஸ்கேன் எடுங்கள் என்றார்கள்.

நம் பக்கத்திலும் இக்தியோசர் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் மண்மேடுகளில் சுமார் 10 கோடி ஆண்டு பழைய கடல் படிவுகள் வெளியே தெரிகின்றன. ஆங்கிலேய ஆய்வாளர் லைடெக்கர் 1879-ல் இந்தப் பகுதியின் முள்ளெலும்புகளை வைத்து இக்தியோசோரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். வெறும் முள்ளெலும்பில் இனம் பிரிக்க முடியாது. அந்தப் பெயர் இன்று செல்லாக்காசு. குஜராத்தின் கட்ச் பகுதியில் லோடாய் அருகே கிடைத்து 2017-ல் வெளியான, கிட்டத்தட்ட முழுமையான இக்தியோசர் இதைவிடப் பழையது, பேசுவதற்கு எலும்பும் அதிகம். அதே பெரம்பலூரில் 2020-ல் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் வந்ததும் "டைனோசர் முட்டை" என்று ஊரே திரண்டது. அவை கடலடிச் சேறு உருண்டையாக இறுகிய கற்கள்.

காரைப் பக்கம் போய், கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி வட்டமாக, இரு பக்கமும் குழிந்த கல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே இக்தியோசர் என்று சொல்லிவிடாதீர்கள். சுறாவின் முள்ளெலும்பும் அப்படித்தான் குழிந்திருக்கும். எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு ஏதாவது கல்லூரிப் புவியியல் துறைக்குச் சொல்லுங்கள். அருகில் கிடக்கும் அம்மோனைட்டுகளையும் (சுருள் ஓடுள்ள பழைய கடலுயிர்களின் புதைபடிவங்கள்) சேர்த்துப் படம் எடுங்கள். அந்த அடுக்கின் வயதைச் சொல்வது பெரும்பாலும் அவைதான். கழுவித் துடைத்து வீட்டு ஷோகேஸில் வைத்த எலும்புக்கு அந்தச் சாட்சி இருக்காது.