வீட்டு வைஃபையில் தெரியாத இரண்டு போன்கள்

சாயங்காலம் ஏழு மணியானால் எங்கள் வீட்டு வைஃபை தவழ ஆரம்பித்துவிடும். மகளின் ஆன்லைன் டியூஷன் நின்று நின்று வந்தது. கேபிளில் இணைத்த லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்து ரௌட்டருக்குள் போனேன். வைஃபையில் எங்களுடைய கருவிகள் நான்கு, இணைந்திருப்பவற்றின் பட்டியலில் ஆறு. எங்கள் கருவிகளில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துப் பார்த்தேன். நான்கும் அணைந்த பிறகும் இரண்டு மேக் முகவரிகள் (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) அப்படியே நின்றன.

இரண்டையும் மேக் ஃபில்டரில் போட்டுத் தடுத்தேன். மறுநாளே புதிய முகவரி ஒன்று முளைத்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் நிஜ மேக்குக்குப் பதில் வேறொன்றைக் காட்டும். செட்டிங்ஸில் ஒரு தட்டு தட்டினால் முகவரி மாறிவிடும். அதனால் இந்தத் தடுப்பை மட்டும் நம்பவே கூடாது.

பழைய வைஃபை பாஸ்வேர்டு, இணைப்பு கொடுக்க வந்தவர் வைத்த என் செல்போன் எண். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த எண் அது! 16 எழுத்தில் புதிதாக மாற்றினேன். வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வைத்து, பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனிலோ பின் எண்ணிலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். அப்புறம், முக்கியமாக, ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அதை விட்டால் உள்ளே இருப்பவர் நம் செட்டிங்கையே மாற்றிவிடலாம். வருகிற உறவினர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க். இப்போது பட்டியலில் நான்கே நான்கு.