கேழ்வரகு மால்ட் பாகு காய்ச்ச என்னென்ன சாமான் வேண்டும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் 'ஆல் கிரெயின்' என்று ஒரு முறையைச் சொல்வார்கள். கடையில் விற்கும் மால்ட் சாற்றை வாங்காமல், மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்திலிருந்து, தாங்களே இனிப்பை இறக்குவதுதான் அது. இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகன் அப்படித்தான் காய்ச்சுகிறான். அங்கே 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. நம் பக்கம் அது நடக்காது. 1937-இல் சேலத்தில் வந்த மதுவிலக்கு 1939-இல் எங்கள் வேலூர் இருந்த வட ஆற்காட்டுக்கும் வந்தது. அந்த 1937 சட்டப்படி வீட்டில் சாராயமோ பீரோ காய்ச்சுவது இன்றைக்கும் குற்றம். ஆகவே இனிப்பைச் சாராயமாக்கும் ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பாதியிலேயே, வெல்லம் சேர்க்காமல் தித்திக்கும் கேழ்வரகுப் பாகு கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

சாமான் வாங்கக் கிளம்பும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: காசைப் பாத்திரத்தில் போடாதீர்கள், தெர்மாமீட்டரில் போடுங்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் 60 முதல் 70 டிகிரிக்குள்தான் நன்றாக வேலை செய்யும். 75-ஐத் தாண்டினால் அவை வேகமாக அழிந்துவிடும். விரல் வைத்துப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. நீளமான எஃகுக் கம்பி வைத்த டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில், வேலூரின் உயரத்துக்கு, 99-ஐக் கொஞ்சம் தாண்டிக் காட்ட வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் பிசகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாத்திரம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். 1 கிலோ மால்ட்டுக்கு, 10 லிட்டர் பிடிக்கும் அடிகனமான குண்டான் ஒன்றும் அதைவிடச் சின்னதாக மூடியுள்ள இன்னொன்றும் போதும். இல்லையென்றால் வேலூர் லாங் பஜார் பாத்திரக் கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். எவர்சில்வரில் அடி தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய அடியில் கூழ் நிச்சயம் பிடிக்கும். பிடித்த வாடை பாகு வரைக்கும் வரும்.

வெளிநாட்டுக்காரர்கள் ஐஸ் பெட்டியின் அடியில் சல்லடைக் குழாய் பொருத்திச் சாற்றை இறக்குவார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் செய்ய வேண்டாம். பார்லிக்கு உமி உண்டு, அந்த உமியே வடிகட்டியாகப் படுத்துக்கொள்ளும். கேழ்வரகுக்கு அப்படி உமி இல்லை, குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு பழைய வெள்ளை வேட்டியை நன்றாக வேகவைத்து அலசி, இரண்டாக மடித்துப் பையாகத் தைத்துக்கொள்ளுங்கள், அது போதும். எப்படியும் குழாய் பொருத்துவேன் என்றால் பிவிசி வேண்டாம், அது 60 டிகிரிக்கே இளகும், சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி வாங்குங்கள்.

சூட்டைப் பிடித்துவைக்கப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, அதில் நெருக்கித் திணித்த வைக்கோல், நடுவே சின்னக் குண்டான், மேலே கம்பளி. மின்சாரம் வேண்டாம். மீன் வந்த தெர்மாகோல் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள், வாடை போகவே போகாது.

மால்ட் கடையில் வாங்காதீர்கள். கடை மால்ட் மாவு பெரும்பாலும் வறுத்தது. வறுத்தால் என்சைம் போய்விடும். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டி, வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து முறத்தில் புடைத்துவிடுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் துணி சீக்கிரம் காய்ந்து, தானியமும் புளித்துவிடும். அந்த நாட்களில் காலையும் மாலையும் அலசுங்கள். அரைப்பது மிக்சியில் ரவைப் பதம். மாவு மில்லுக்குக் கொடுத்தால் மிளகாய் நெடியோடு வரும். சோளத்தை இப்படி முளைகட்ட வேண்டாம், அதன் முளையில் சயனைடு சேர்கிறது.

அப்புறம் செய்முறை. இதில்தான் இரண்டு குண்டான் எதற்கு என்பது தெரியும். கேழ்வரகு மாவுச்சத்து நன்றாக வேக வேண்டும் என்றால் என்சைம் தாங்குகிற சூட்டைத் தாண்ட வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சாதிக்க முடியாது. எனவே 1 கிலோ மால்ட் ரவையை 40 டிகிரியில் 4 லிட்டர் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் என்சைம் இறங்கியிருக்கும். அதில் ஒன்றரை லிட்டரைக் கரண்டியால் மொண்டு சின்னக் குண்டானில் வையுங்கள். அடியில் இருப்பதைப் பெரிய குண்டானில் கைவிடாமல் கிண்டிக் கூழாகக் காய்ச்சி, 78 டிகிரிக்கு ஆறவிடுங்கள்.

இனி கூழைத்தான் தெளிவில் ஊற்ற வேண்டும், தெளிவைக் கூழில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் என்சைம் மிஞ்சிய சூட்டைப் பார்க்காமலே மொத்தமும் 65 பக்கம் வந்து நிற்கும். பத்து நிமிடத்தில் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு இழுத்த கூழ் நீர் மோராட்டம் சொட்டும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் அதுதான்.

வைக்கோல் பெட்டியில் ஒன்றரை மணி நேரம். அப்புறம் தெளிந்த சாறு ஒரு சொட்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு மிச்சமிருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். அயோடின் பட்டதைக் கொட்டிவிட வேண்டும். நிறம் மாறாவிட்டால் வேட்டிப் பையில் பிழிந்து, அன்றைக்கே காய்ச்சுங்கள். ராத்திரிக்கு விட்டால் நம்மூர் சூட்டில் புளித்துவிடும். தேன் பதம் வந்ததும் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிழிந்த சக்கை மாட்டுக்கு.