வெளிநாட்டுப் படிப்பு: விடுதியா, குடும்பத்துடன் தங்குவதா? சேலத்துப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாஸ்டல், ஹோம்ஸ்டே என்னும் இரு சொற்களும் சேலத்துக்காரர்களுக்கு நன்கு பழகியவை; முதல் தவறே அங்குதான் தொடங்குகிறது. ஹாஸ்டல் என்றதும் ஏற்காட்டு உறைவிடப் பள்ளியின் வார்டனும், மணியடித்தால் கிடைக்கும் சாப்பாடும் நினைவுக்கு வருகின்றன. ஹோம்ஸ்டே என்றதும் காபித் தோட்டத்தின் நடுவே கோடை விடுமுறைக்கு எடுக்கும் வீடு நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டில் இரண்டுமே வேறு.

ஜெர்மனியின் மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் ஓர் அறையும், பலர் பகிர்ந்துகொள்ளும் சமையலறையும்தான் கிடைக்கும். பிள்ளை சாப்பிட்டானா, இரவு எப்போது திரும்பினான் என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே, ‘ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளைதானே’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல், சமைக்கவும் துணி துவைக்கவும் மாதச் செலவைக் கணக்குப் பார்க்கவும் புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பழக்கிவிட வேண்டும். தாளிக்கும் புகைக்கே தீ எச்சரிக்கை மணி ஒலித்துவிடக்கூடும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஹோம்ஸ்டே, அதாவது அந்நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் தங்குவதை, அத்தை வீட்டில் தங்குவதாக எண்ணுவது அடுத்த தவறு. அது பணம் கொடுத்துப் பெறும் ஏற்பாடு என்பதால், எத்தனை வேளை உணவு, அடுப்பைப் பயன்படுத்தலாமா, தோழிகள் வரலாமா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சைவம் என்று மட்டும் தெரிவித்தால் முட்டையையும், சில வீடுகளில் மீனையும்கூட, அதில் சேர்த்துக்கொள்வார்கள். உண்ணாதவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுவதே நல்லது.

பிளஸ் டூ முடித்தவுடன் செல்பவர்கள் வயதை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 18 வயது நிறையாத மாணவர் பெற்றோருடனோ தகுதியுள்ள உறவினருடனோ தங்காவிட்டால், தங்குமிடத்துக்கும் பராமரிப்பு ஏற்பாட்டுக்கும் கல்வி நிறுவனம் ஒப்புதல் அளித்தாக வேண்டும்.

வாடகைக் கணக்கிலும் தவறு நேர்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் வார வாடகையே சொல்லப்படும். வாரம் 150 பவுண்டு என்றால் மாதத்துக்கு 600 அன்று, 650. மின்சாரம், இணையம், உணவு, பயணச் செலவு ஆகியவற்றையும் சேர்த்த பிறகே விடுதியையும் குடும்பத்துடன் தங்குவதையும் ஒப்பிட வேண்டும். தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பதும் சரியன்று: சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க ஆகும் நேரம் நமக்குத் தெரியும். புறநகர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும், கடைசிப் பேருந்து எப்போது என்று கேளுங்கள்.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு தருபவரின் எழுத்துச் சான்று தேவை. அதைத் தர மறுப்பவரிடம் முன்பணம் செலுத்தாதீர்கள்.

முதன்முறையாக வீட்டைப் பிரியும் 17, 18 வயதுப் பிள்ளைக்கு, அந்நாட்டு மொழியும் சரளமாக வராத நிலையில், முதல் சில மாதங்கள் குடும்பத்துடன் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். விடுதி ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டு முழுமைக்கும் கட்டுப்படுத்தும். குடும்பத்துடனான ஏற்பாட்டில் உரிய முன்னறிவிப்புக் கொடுத்து விலகுவது பொதுவாக எளிது. அந்த முன்னறிவிப்புக் காலம் எத்தனை வாரம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.