ஆளுமை, மீள்திறன், மனநலம்: ஆய்வேட்டில் பிறகு திருத்த முடியாத தவறுகள்

முதுகலை உளவியல் மாணவர்களில் யாராவது நாலு பேர் வருஷா வருஷம் இந்தத் தலைப்போடு வந்துவிடுவார்கள்: கல்லூரி மாணவர்களின் ஆளுமை, உள வளங்கள், மனநலம். நல்ல தலைப்புதான். சறுக்குகிற இடங்களும் ஏறக்குறைய அதேதான். எதிர்மறைக் கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறப்பது, விடுபட்ட பதிலைச் சுழியம் என்று பதிவது போன்றவை எக்செல்லில் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள். படிவங்கள் நிரம்பி வந்த பிறகு சரிசெய்ய வழியில்லாதவைதான் இங்கே.

ஒரே கேள்வியை மூன்று பெயரில் கேட்பது

ஆளுமையின் ஐந்து பண்புகளுக்கு 44 கேள்விகள் கொண்ட பிஎஃப்ஐ, உள வளங்களில் ஒன்றான மீள்திறனுக்கு (அடிபட்டாலும் மீண்டெழும் திறன்) 6 கேள்விகள் கொண்ட பிஆர்எஸ், மனநலத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விகள் கொண்ட டபிள்யூஎச்ஓ-5. மூன்றும் தனித்தனியே நல்ல அளவுகோல்கள். ஒருமுறை மூன்றையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்.

பிஎஃப்ஐயில் நியூரோட்டிசிசத்துக்கு (எளிதில் கவலையும் பதற்றமும் கொள்ளும் பண்பு) 8 கேள்விகள். அதில் ஒன்று, 'இறுக்கமில்லாதவர், மன அழுத்தத்தை நன்றாகச் சமாளிப்பவர்' என்கிற ரகம். பிஆர்எஸ்ஸிலோ 'நெருக்கடியான நேரங்களைத் தாண்டுவது எனக்குக் கஷ்டம்' என்கிற ரகம். டபிள்யூஎச்ஓ-5 என்ன கேட்கிறது? கடந்த இரண்டு வாரமாக அமைதியாக, இறுக்கமில்லாமல் இருந்தீர்களா என்று. அதே போல பிஎஃப்ஐயில் 'மனச்சோர்வோடு வாடியிருப்பவர்' என்று ஒரு கேள்வி. டபிள்யூஎச்ஓ-5இன் முதல் கேள்வியே 'உற்சாகமாக இருந்தேன்'. ஒரே பிள்ளை, ஒரே கால் மணி நேரத்தில், ஒரே விஷயத்துக்கு மூன்று இடத்தில் டிக் அடிக்கிறது. பிறகு ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்கிற அளவு) பலமாக வராமல் என்ன செய்யும்?

அதைப் பார்த்ததும் 'நியூரோட்டிசிசம் மனநலத்தைக் குலைக்கிறது, மீள்திறன் தாங்கிப் பிடிக்கிறது' என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். வைவாவில் புறத்தேர்வாளர் இரண்டு கேள்விகளை வாசித்துக்காட்டி, "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டால் அத்தோடு சரி. 300 பேரிடம் மறுபடியும் படிவம் கொண்டுபோக யாராலும் முடியாது. 'இரண்டுமே பல நாடுகளில் சோதித்துப் பார்த்த அளவுகோல்கள்' என்ற பதில் எடுபடாது. கோளாறு அளவுகோலில் இல்லை, ஜோடி சேர்த்ததில் இருக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் எரிச்சல். கைடுகளும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. எல்லாக் கேள்விகளையும் அச்செடுத்து, துண்டு துண்டாக வெட்டி, கலக்கி, தலைப்பு தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நியூரோட்டிசிசத் துண்டுகள் மனநலக் குவியலில் இரண்டு மூன்று விழுந்தால் மனநல அளவுகோலை மாற்றுங்கள். எட் டீனர் குழு 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் 5 கேள்விகள்தான்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, மொத்தம் 5 முதல் 35. அது அப்போதைய மனநிலையைக் கேட்காமல், தன் வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீட்டைக் கேட்கிறது. நியூரோட்டிசிசத்தோடு அதற்கும் உறவு வரும். ஆனால் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை கேட்டதால் வந்த உறவாக இருக்காது.

முடிந்தால் காலத்தையும் பிரியுங்கள். ஆளுமையும் மீள்திறனும் ஜூலையில், மனநலம் ஆறு வாரம் கழித்து. பெயர் வேண்டாம், அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, செல்பேசியின் கடைசி இரண்டு இலக்கம் சேர்த்து ஒரு குறியீடு போதும், இரண்டு படிவத்தையும் இணைத்துவிடலாம். இரண்டாம் சுற்றுக்குக் கொஞ்சம் பேர் வரமாட்டார்கள். 250 பேர் வேண்டுமென்றால் 330இல் தொடங்குங்கள்.

பகுப்பாய்வில் முதல் படி பாலினம், எந்த ஆண்டு, விடுதியா வீடா, இரண்டாம் படி ஐந்து ஆளுமைப் பண்புகள், மூன்றாவதாகத்தான் மீள்திறன். அந்த மூன்றாம் படியில் ஆர்-ஸ்கொயர் (மனநல வேறுபாட்டில் எத்தனை பங்கு விளங்குகிறது என்ற எண்) எவ்வளவு கூடுகிறது என்பதுதான் விடை. துளிதான் கூடினால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதுவும் முடிவுதான். படிவம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? மோதுகிற கேள்விகளோடு ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை ஓட்டி, இரண்டையும் காட்டுங்கள். குறை தீராது, மறைக்கவில்லை என்றாவது தெரியும்.

அம்புக்குறி

ப்ராசஸ் என்ற புள்ளியியல் நிரலில் மாடல் 4 (ஒன்று இன்னொன்றின் வழியாக மூன்றாவதைப் பாதிக்கிறதா என்று பார்ப்பது), 5000 பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுப்பது), நம்பக எல்லைக்குள் சுழியம் இல்லை; உடனே 'ஆளுமை மீள்திறன் வழியாக மனநலத்தைப் பாதிக்கிறது' என்று எழுதுகிறார்கள். மனநலத்தை நடுவிலும் மீள்திறனைக் கடைசியிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் 'நிரூபணமாகும்'. ஒரே நாளில் எடுத்த தரவுக்குத் திசை தெரியாது.

எப்போது கேட்டீர்கள்?

டபிள்யூஎச்ஓ-5 கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. ஒரு கல்லூரியில் இன்டர்னல் தேர்வு வாரத்திலும் இன்னொன்றில் தீபாவளி விடுமுறை முடிந்தும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், நீங்கள் அளந்தது காலண்டரை.

சராசரியில் வெட்டி 'உயர்', 'தாழ்' என்று பிரிப்பது

வேண்டாம்.

உரிமம்

மீள்திறனை அளக்கும் சிடி-ரிஸ்க், உளவியல் மூலதனத்தை அளக்கும் பிசிக்யூ-24 இரண்டுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் அனுமதி ஆகாது.

கூட்டத்தின் எண்ணை ஒரு பிள்ளை மேல் ஒட்டுவது

ஒட்டுறவு 0.30 என்றால் வேறுபாட்டில் 9 சதவீதம்தான் விளங்கியிருக்கிறது. அதை வைத்து, மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடும் பையனைப் பார்த்து 'அகமுகி, மனநலம் குறைவு' என்று சொல்ல முடியாது. அவன் தனியாகச் சாப்பிடுவது பிடித்தும் இருக்கலாம்.

மதிப்பெண் மிகக் குறைவாக வந்தால்

டபிள்யூஎச்ஓ-5இல் மூலமதிப்பெண் 0 முதல் 25. அதை நான்கால் பெருக்கினால் 100க்கு வரும். 50ம் அதற்குக் கீழும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். படிவத்தில் பெயர் இல்லாததால் அந்தப் பிள்ளையை உங்களால் தேடிப்போக முடியாது. ஆகவே படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கிழித்து எடுத்துக்கொள்ளும்படி, கல்லூரி ஆலோசகரின் அறையும் நேரமும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ம் அச்சில் இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே பக்கம்.