எதிர்முனை ரன் அவுட்: பந்துவீச்சாளரும் பேட்டரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த மகளிர் ஒருநாள் போட்டியில், 170 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து கடைசி விக்கெட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தது. 47 ரன்னுடன் எதிர்முனையில், அதாவது பந்துவீச்சாளர் ஓடிவரும் முனையில், நின்ற சார்லி டீன் பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே கிரீஸை, அதாவது பேட்டர் நிற்க வேண்டிய கோட்டை, விட்டு நகர, பந்துவீச வந்த தீப்தி சர்மா திரும்பி ஸ்டம்புகளின் மேலிருக்கும் பெயில்ஸைத் தட்டி அவரை ரன் அவுட் ஆக்கினார். இந்தியா 16 ரன் வித்தியாசத்தில் வென்றது. இது நியாயமா என்று அன்று எழுந்த வாதத்தில் இரு தரப்பினரும் செய்த பிழைகள் இன்றும் அப்படியே திரும்பத் திரும்பச் செய்யப்படுகின்றன.

அவற்றுள் முதன்மையானது, இது விதியில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தும் தந்திரம் என்று நினைப்பது. லார்ட்ஸ் போட்டிக்கு ஒரு வாரம் கழித்து, 2022 அக்டோபர் 1 முதல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. இந்த விதியை நியாயமற்ற ஆட்டத்தைப் பற்றிய 41ஆம் பிரிவிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38ஆம் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன்பு 41ஆம் பிரிவில் இருந்த காலத்திலும், அந்த விதியின் தலைப்பு எதிர்முனை பேட்டர் முன்கூட்டியே இடத்தை விட்டு வெளியேறுவதைப் பற்றியதாகவே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நியாயமற்ற செயல் என்று விதி சுட்டியது பந்துவீச்சாளரின் செயலை அன்று. ஒரு ரன்னுக்காக உயிரைக் கொடுத்து ஓடி, மட்டையின் நுனி கோட்டைத் தொட்டதா என்று மூன்றாம் நடுவர் படம் படமாக நிறுத்திப் பார்க்கும் ஆட்டத்தில், ஓரடி முன்னதாகக் கிளம்புவது அற்ப விஷயமாக இருக்க முடியாது.

இரண்டாவது தவறு, முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பது. விதியில் அப்படி எதுவும் இல்லை. ஸ்டம்பிங் செய்வதற்கு முன் விக்கெட் கீப்பர் எந்த பேட்டரையும் எச்சரிப்பதில்லை. எதிர்முனைக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு? எச்சரித்துவிட்டால் பழி வராது என்பதும் உண்மை அன்று. 2014இல் எட்ஜ்பாஸ்டனில் இலங்கையின் சசித்ர சேனநாயக்க முதலில் எச்சரித்துவிட்டுத்தான் இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை வெளியேற்றினார். அப்போதும் வசை அவருக்கே வந்தது. பந்துவீச்சாளர் பக்கம் நிற்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். டீனைப் பலமுறை எச்சரித்ததாக தீப்தி பின்னர் சொல்ல, இங்கிலாந்தின் ஹெதர் நைட் அதை மறுக்க, கிரீஸில் கால் இருந்ததா என்ற எளிய கேள்வி மறைந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்ற வேண்டாத வழக்கு தொடங்கிவிட்டது. தேவையே இல்லாத ஒன்றைத் தற்காப்பாக முன்வைப்பது, அது தேவை என்று ஒப்புக்கொள்வதாகிவிடும்.

பந்துவீச்சாளர்கள் செய்யும் பெரிய பிழை, கால நேரத்தைப் பற்றியது. பந்தை இயல்பாக விடுவிக்கும் கணம் வரைதான் இந்த வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. 2023 ஜனவரி 3 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் டி20 தொடர் ஆட்டமொன்றில் ஆடம் ஸாம்பா கையை முழுதாகச் சுழற்றி முடித்தபின் பெயில்ஸைத் தட்டியதால், வெளியே நின்றிருந்த டாம் ரோஜர்ஸ் அவுட் ஆகவில்லை. அதே மாதம் எம்.சி.சி. விதியின் வாசகத்தைத் திருத்தி, கை உச்சியைத் தொடும் கணமே எல்லை என்று தெளிவாக்கியது. 2019இல் ஜெய்ப்பூரில் 69 ரன்னில் இருந்த அதே பட்லரை அஸ்வின் வெளியேற்றியபோது, சென்னைக்காரர்களான நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு அவருக்காக வாதாடினோம். ஆனால் கிரீஸை அடைந்தபின் அவர் காத்திருந்த நேரம் அதிகம் என்று எம்.சி.சி. குறை சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. கிளம்பிவிட்டவரைப் பிடிப்பது வேறு; கிளம்பட்டும் என்று நின்று காத்திருப்பது வேறு.

அவுட் கேட்டு நடுவரிடம் செய்யும் அப்பீலைத் திரும்பப் பெறுவதே, அல்லது அவுட் ஆக்காமல் விட்டுவிடுவதே கண்ணியம் என்று கருதுவதும் தவறே. 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கடைசிப் பந்தின்போது, கிரீஸை விட்டு வெளியேறியிருந்த பாகிஸ்தானின் சலீம் ஜாஃபரை மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் அவுட் ஆக்காமல் விட்டுவிட்டார். பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் வென்றது, மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்கே போகவில்லை. அது அவர் மனமுவந்து கொடுத்த கொடை. 2023இல் குவாஹாட்டியில் 98 ரன்னில் இருந்த இலங்கையின் தசுன் ஷானகாவை ஷமி வெளியேற்றியபோது ரோஹித் சர்மா அப்பீலைத் திரும்பப் பெற்றதும் கொடைதான், அதுவும் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில் கொடுத்தது. கொடையைப் பாராட்டலாம், கொடுக்காதவரைத் திருடன் என்று சொல்லக் கூடாது.

1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி வெளியேற்றிய இந்தியாவின் வினு மன்கட்டின் பெயரை இந்த முறைக்கு வைத்து, இழிசொல்லாகவே வழங்கிவருவதும் நிறுத்தப்பட வேண்டியது. எதிரணித் தலைவரான பிராட்மேனே மன்கட்டின் பக்கம் நின்றார்.

பேட்டர் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம்: பந்துவீச்சாளரின் ஓட்டத் தாளத்தை நம்பியோ, முன்முனையைப் பார்த்துக்கொண்டோ காலை எடுத்துவிடாமல், பந்து கையை விட்டு நீங்கும் வரை மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றியிருக்க வேண்டும். லார்ட்ஸில் அவுட்டான சார்லி டீன், இனிமேல் கிரீஸுக்குள்ளேயே நின்றுகொள்கிறேன் என்று சமூக ஊடகத்தில் வேடிக்கையாக எழுதிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.